சமீர் பாய் எடுத்த லீவு

பேரணாம்பட்டில் சமீருல்லாவின் முகத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய தொண்டையைத் தெரியாதவர்கள் கிடையாது. குல்ஷன் ஃபுட்பால் கிளப் எந்த ஊரில் ஆடினாலும் கோட்டுக்கு வெளியே நின்று ஒரு ஆள் கத்துவார். நடுவரைத் திட்டுவார், எதிர் அணியைத் திட்டுவார், நம் ஆட்களை அதைவிட ஜாஸ்தியாகத் திட்டுவார். மறுநாள் அவருக்குப் பேச்சே வராது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டு, சைகையில் சாதம் கேட்பார். "வருஷத்துக்கு ஏழெட்டு மேட்ச்தான் வெக்கிறாங்க. வாரத்துக்கு ரெண்டு வெச்சா இன்னா போச்சு?" என்று அவருடைய மனைவி அன்வரி பேகம் பக்கத்து வீட்டில் அலுத்துக்கொண்டாராம்.

இத்தனைக்கும் அவர் பந்தாடியவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆடிப் பார்த்தார். பந்து அவர் காலுக்கு வந்தால் அடுத்த நொடி எதிரணிக்காரன் காலில் இருக்கும். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்த பையன்கள் அவரிடம் செருப்புகளையும் சட்டைகளையும் கொடுத்து ஓரமாக உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தவர் சும்மா இருக்காமல் கத்த ஆரம்பித்தார். அன்று ஆரம்பித்ததை இந்த ஐம்பத்திரண்டு வயதிலும் விடவில்லை.

பதினேழு வயதில் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், சேர்ந்தவர் இன்றுவரை டிரம் செக்‌ஷனில்தான் இருக்கிறார். டிரம் என்றால் ஒரு அறை அளவுக்கு மரத்தில் செய்த பீப்பாய். உள்ளே தோலும் தண்ணீரும் கெமிக்கலும் சேர்ந்து சுற்றும். சுற்றி முடிந்ததும் தோலை இழுத்து வெளியே போட வேண்டும். ஈரத் தோல் கனக்கும், வழுக்கும். ஆளுக்கொரு முனையாக இரண்டு பேர் பிடித்தால்தான் வரும். இதில் அவருடைய இடுப்பு பாதி போய்விட்டது. வேலை அத்தா பார்த்துக் கொடுத்தது. கல்யாணம் மாமூ பார்த்து முடித்தது. இரண்டு பெண்களுக்கும் மாப்பிள்ளைகளை அன்வரி பேகம் பார்த்தார். குல்ஷனை மட்டும்தான் சமீருல்லா தானாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். அதனால் அதன் மேல் அவருக்கு இருந்தது சாதாரணப் பிரியம் இல்லை. வீட்டில் சொன்னால் சண்டை வரும் என்பதால் எவ்வளவு பிரியம் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.

குல்ஷன் பெரிய அணி ஒன்றும் இல்லை. லீக்கில் இரண்டாவது டிவிஷன். மேலே போனதும் இல்லை, கீழே விழுந்ததும் இல்லை. இரண்டாவதுக்குக் கீழே மூன்றாவது என்று ஒன்று கிடையாது. கடைசியாக வருகிற அணியை லீக்கை விட்டே எடுத்துவிடுவார்கள். அப்படிப் போன அணிகளில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஆட்டக்காரர்கள் வேறு அணிக்குப் போய்விடுவார்கள், பந்தும் வலையும் யார் வீட்டுப் பரணிலோ கிடக்கும்.

இந்த வருஷம் வந்த சனியன் வேறு மாதிரி வந்தது. அதுவரை இந்தப் பக்கத்து அணிகளுக்குள் மேட்ச் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் நடக்கும். குல்ஷன் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் வேலை செய்கிற தோல் ஷாப்புகளுக்கு வெள்ளிதான் வார லீவு. ஜும்மா தொழுதுவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போகலாம். இந்த வருஷம் வேலூர், பாகாயம் பக்கத்து அணிகளையும் சேர்த்து ஒரே டிவிஷனாக ஆக்கி, ஞாயிற்றுக்கிழமை காலை மேட்ச் என்று அறிவித்துவிட்டார்கள். அவர்களுக்கு ஞாயிறு லீவு. நடுவர்கள் பாதிப் பேர் பள்ளி ஆசிரியர்கள், அவர்களுக்கும் ஞாயிறு லீவு. குல்ஷனுக்கு ஞாயிறு என்றால் முழு வேலை நாள்.

சமீருல்லா அசரவில்லை. செய்தி வந்த அன்றே சூப்பர்வைசர் ரஃபி அகமது முன்னால் போய் நின்றார்.

"பாய், ஏழு ஞாயிறு லீவு வேணும். எனக்கு, நம்ம செக்‌ஷன் அமீர் பாஷாவுக்கு, ரஷீதுக்கு."

"ஏழு ஞாயிறா? யார் வீட்ல கல்யாணம்?"

"குல்ஷன் மேட்ச் பாய்."

ரஃபி அகமது கிரிக்கெட் ஆள். ஃபுட்பால் என்றால் அவருக்கு இருபத்திரண்டு பேர் ஒரு பந்துக்கு அடித்துக்கொள்வது, அவ்வளவுதான். "டிரம் செக்‌ஷன்ல ஒரு நாளைக்கு மூணு பேருக்கு மேல லீவு கிடையாது. தெரியுமில்ல? டிரம் நிக்காது. நேரத்துக்கு எடுக்கலன்னா தோலு கெட்டுப் போயிடும்."

"நாங்க மூணே பேர்தான் பாய்!" என்றார் சமீருல்லா, பெருமையாக.

பத்து நாள் பின்னாலேயே அலைந்து, டீ வாங்கிக் கொடுத்து, ரஃபி அகமதுவின் மகன் போடுகிற பௌலிங்கைப் புகழ்ந்து லீவை வாங்கிவிட்டார். மற்ற தோல் ஷாப்புகளில் இருந்த தோஸ்துகளுக்கும் ஃபோன் போட்டு, "சீக்கிரம் எழுதிக் குடுங்கடா, அப்புறம் கிடைக்காது" என்று விரட்டினார். இவ்வளவு சுறுசுறுப்பை அவர் வீட்டு வேலையில் காட்டியிருந்தால் மாடியில் இன்னொரு அறை எழும்பியிருக்கும் என்பது அன்வரி பேகத்தின் கருத்து.

முதல் ஞாயிறு மைதானத்துக்குக் குல்ஷன் ஆதரவாளர்கள் திருவிழாபோலத் திரண்டார்கள். இரண்டு வேன், அதற்குப் பின்னால் பைக்குகள். சமீருல்லா கோட்டோரம் நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு மைதானத்தைப் பார்த்தார். கோல் கம்பத்துக்கு நடுவில் காஷிஃப் இல்லை. தையல் கடைக்காரர் ஒருவர் கையுறையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றார். முன்னால் கோல் அடிக்கிற தௌசீப் அகமது இல்லை. பின்னால் சுவராக நிற்கிற ஜோவின் இல்லை. மூன்று பேரும் சமீருல்லா வேலை செய்யும் அதே டிரம் செக்‌ஷன்.

"காஷிஃப் எங்கே?" என்று கிளப் செயலாளர் மக்பூல் அகமதுவைப் பார்த்துக் கத்தினார்.

"லீவு கிடைக்கலையாம்."

"எவன் குடுக்கலையாம்? அந்த ரஃபியா? அவன் நல்லா இருப்பானா!"

ஆட்டம் நாலுக்கு பூஜ்யம். அடித்தது நாம் இல்லை. இரண்டாவது ஞாயிறும் அதே கதை. மற்ற ஷாப்புகளில் இருந்தும் இரண்டு பேர் வரவில்லை, ஒன்பது பேரோடு ஆடினார்கள். தையல் கடைக்காரர் இந்த முறை கையுறையைச் சரியாகப் போட்டிருந்தார். ஆறு கோல் போனது. கடைசி கோல் அவருடைய காலுக்கு இடையில் மெதுவாக உருண்டு போனதைப் பார்த்து, எதிரணிக்காரனே "பாவம்டா" என்றான்.

அன்று டீக்கடையில் இரண்டு பெஞ்சு நிறைய ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஜெர்சி கலர் ராசியில்லை என்றான் ஒருவன். பச்சையை விட்டு நீலத்துக்குப் போனதில் இருந்தே பேஜார்தானாம். கோச்சை மாற்ற வேண்டும் என்றார் இன்னொருவர். கோச் என்று தனியாக யாரும் இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. 'குல்ஷன் சிங்கங்கள்' என்ற வாட்ஸ்அப் குரூப்பின் பெயரை எவனோ 'குல்ஷன் பூனைகள்' என்று மாற்றிவிட்டான். அமீர் பாஷா அழுதேவிட்டார். ஐம்பது வயது மனிதர், பன்னைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். யாரும் சிரிக்கவில்லை.

குரல் போன சமீருல்லா, அமீர் பாஷாவின் காதில் கிசுகிசுத்தார். அதை அமீர் பாஷா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சத்தமாக எல்லோருக்கும் சொன்னார். "நம்ம பசங்க மூணு பேரும் இருந்திருந்தா இந்த டிவிஷன்ல நம்மள அடிக்க ஆளு கிடையாதுங்கிறாரு. எல்லாத்துக்கும் அந்த சூப்பர்வைசர்தான் காரணம்ங்கிறாரு." எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த ஒரு வார்த்தைதான் அன்று எல்லோருக்கும் கஞ்சி ஊற்றியது.

மூன்று பேருக்கு லீவு கிடைத்ததையும் மூன்று பேருக்குக் கிடைக்காததையும் சேர்த்துப் பார்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை. ஆனால் ரசிகனுக்குத் தப்பு எப்போதும் மைதானத்தின் அந்தப் பக்கம்தான் இருக்கும். இந்தப் பக்கம் அவன் திரும்பிப் பார்க்கவே மாட்டான்.

செவ்வாய்க்கிழமை குரல் திரும்பியதும் சமீருல்லா நேராக ரஃபி அகமதுவிடம் சண்டைக்குப் போனார். டிரம் ஓடுகிற சத்தத்தையும் மீறிக் கத்தினார்.

"ஏன் பாய் எங்க பசங்க வயித்துல அடிக்கிறே? ஊரு மானம் போவுது! காஷிஃபுக்கு ஒரு லீவு குடுக்க உனக்கு இன்னா கஷ்டம்?"

ரஃபி அகமது பொறுமையாகக் கேட்டுவிட்டு, காதுக்குள் விரலை விட்டு ஆட்டிக்கொண்டார்.

"அவன் லீவு எங்கிட்ட எங்க இருக்குது? நீதானே எடுத்துக்கினு போயிட்டே."

"இன்னா?"

"மூணு பேருக்கு மேல கிடையாதுன்னு சொன்னேனா இல்லையா? நீ, அமீரு, ரஷீது. ஏழு ஞாயிறும் எழுதி வாங்கிக்கினே. சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பசங்க வந்து நின்னானுங்க. இன்னா சொல்லட்டும்? பாக்கறவங்க போய்ட்டாங்க, ஆடறவங்க இங்கயே இருங்கன்னேன்."

சமீருல்லா திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் காஷிஃபும் ஜோவினும் ஒரு தோலை ஆளுக்கொரு முனையாகப் பிடித்திருந்தார்கள். காஷிஃப் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"எப்படி சாச்சா சொல்றது? நீங்க ரெண்டு வாரமா மேட்ச் மேட்ச்னு பறந்துக்கினு இருந்தீங்க. உங்ககிட்ட வந்து, லீவ விட்டுக் குடுங்கன்னா கேக்க முடியும்?"

சமீருல்லா காலில் இருந்த ரப்பர் கம்பூட்டோடு அங்கேயே ஈரத் தரையில் குந்திவிட்டார். நாலும் ஆறும் பத்து கோல். அந்தப் பத்தையும் தானே காலால் உதைத்து உள்ளே தள்ளியதாகத் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் பந்தை எதிரணிக்குக் கொடுத்தபோதுகூட இவ்வளவு அவமானமாக இருந்ததில்லை. அன்று இரவு ரொட்டியைத் தட்டில் அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "ஜுரமா?" என்று அன்வரி பேகம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். இவர் கையைத் தட்டிவிட்டார்.

மூன்றாவது மேட்ச் நாட்றம்பள்ளி அணியோடு. அவர்களும் இரண்டு ஆட்டத்திலும் தோற்றவர்கள். இனி வருகிற நாலும் பலமான அணிகள். இதில் ஜெயித்தால்தான் கடைசி இடத்தில் இருந்து தப்பிக்க வழி உண்டு. சமீருல்லா வேலை முடிந்ததும் ஒவ்வொரு தோல் ஷாப் வாசலிலும் போய் நின்றார். "லீவ வாபஸ் வாங்குங்கடா. பசங்க போகட்டும், நாம வேலைக்கு நிப்போம்." சிலர் முணுமுணுத்தார்கள். "அப்போ மேட்ச யாரு பாக்கறது?" என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். சமீருல்லா அவன் சட்டையைப் பிடிக்காத குறை. கடைசியில் எல்லோரும் விட்டுக் கொடுத்தார்கள். அந்த ஞாயிறு குல்ஷனுக்குப் பதினோரு பேரும் கிடைத்தார்கள். ஜோவின் விடியற்காலை ஆராதனையை முடித்துவிட்டு, ஜெபித்த கையோடு வந்து வேனில் ஏறினானாம். கோட்டோரம் நிற்கத்தான் ஒரு ஆள் இல்லை. மக்பூல் அகமது மட்டும் தண்ணீர் பாட்டில்களோடு நின்றார்.

சமீருல்லாவும் அமீர் பாஷாவும் ரஷீதும் டிரம்மிலிருந்து தோல் இழுத்தார்கள். இடுப்பு கத்தியது. அன்று அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. சொல்லப்போனால் அந்த வலி அவருக்கு வேண்டியிருந்தது. செய்ததற்கு இது ஒரு பரிகாரம் என்று நினைத்துக்கொண்டார். வேலையிடத்தில் ஃபோன் கூடாது. டீ நேரத்தில் மூவரும் வெளியே ஓடி வந்து ஒரே ஃபோனில் தலையை விட்டார்கள். மக்பூல் அகமது அனுப்பியிருந்தார்: தௌசீப் ஒரு கோல் போட்டுவிட்டான். ஒன்றுக்கு பூஜ்யம்.

அமீர் பாஷா தலையில் கட்டியிருந்த துண்டை வானத்தில் எறிந்தார். சமீருல்லா கத்தின கத்தலில் வாட்ச்மேன் யாருக்கோ மெஷினில் கை மாட்டிக்கொண்டது என்று நினைத்து ஓடி வந்தார். "நான் சொன்னேன் இல்ல? நான் சொன்னேன் இல்ல? நம்ம பசங்க இருந்தா அடிக்க ஆளு கிடையாது!" சந்தோஷத்தில் ரஃபி அகமதுவைக்கூடக் கட்டிப்பிடித்தார். அடுத்த டிரம்மை மூன்று பேரும் சிரித்துக்கொண்டே காலி செய்தார்கள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் மறுபடி ஃபோனைத் திறந்தார்கள். நாலுக்கு ஒன்று. நாலு நாட்றம்பள்ளிக்கு.

சமீருல்லா நம்பவில்லை. மக்பூல் அகமதுவுக்கு ஃபோன் போட்டார். "எவன் நடுவரு? காசு வாங்கிட்டானா?"

"இல்ல பாய். நல்ல மனுஷன்தான்."

"கிரவுண்டு ஈரமா?"

"காஞ்சுதான் இருந்துச்சு."

"காஷிஃபுக்கு அடி கிடி பட்டுச்சா? யாராவது ஆளு பாதியில போய்ட்டானா?"

"எல்லாரும் கடைசி வரைக்கும் ஆடுனாங்க பாய். அவனுங்க நல்லா ஆடுனானுங்க. நாம நல்லா ஆடல. அவ்ளோதான்."

ஃபோனை வைத்துவிட்டு சமீருல்லா டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். தப்பு தன்னுடையதாக இருந்தவரைக்கும் குல்ஷன் நல்ல அணியாக இருந்தது. வெட்கத்தால் செத்துக்கொண்டிருந்த அந்த ஐந்து நாளிலும் உள்ளுக்குள் எங்கோ அவர் தைரியமாகத்தான் இருந்திருக்கிறார். லீவைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்தார். இப்போது திருப்பிக் கொடுக்க அவரிடம் ஒன்றும் இல்லை. முப்பத்தைந்து வருஷமாகத் தான் பார்த்துப் பார்த்துக் கத்தியது ஒரு சுமாரான அணியை என்று யாரோ வந்து காதில் சொன்ன மாதிரி இருந்தது. அந்த யாரோவை ஓங்கி அறைய வேண்டும்போல ஆத்திரம் வந்தது. யாரை அறைவது?

அன்று டீக்கடைப் பெஞ்சு காலியாகக் கிடந்தது. திட்டுவதற்கு ஆள் இருந்தால்தானே கூட்டம் சேரும்.

திங்கள்கிழமை சமீருல்லா நல்ல குரலோடு வேலைக்கு வந்தார். மேட்ச்சுக்கு மறுநாள் அவருக்குக் குரல் இருந்தது இதுதான் முதல் தடவை. காஷிஃப் ஏற்கெனவே டிரம்மின் அருகே நின்றான். முழங்கையில் சிராய்ப்பு. அவன் ஒரு முனையைப் பிடிக்க, இவர் மறுமுனையைப் பிடித்தார்.

"டேய்," என்றார் சமீருல்லா மெதுவாக. "ஓரமா யாரும் இல்லாததாலதானே? எங்க சத்தம் இல்லாம உங்களுக்குக் கை கால் ஓடல. அதானே?"

அவன் ஆமாம் என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். அதை வைத்துக்கொண்டு அவர் இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருப்பார். காஷிஃபுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"அப்டி இல்ல சாச்சா. சத்தம் இல்லாம நிம்மதியா இருந்துச்சுன்னு ஜோவின் கூடச் சொன்னான்."

தோல் வழுக்கிக்கொண்டு வந்து தரையில் விழுந்தது. இருவரும் அடுத்ததைப் பிடித்தார்கள்.

"சாச்சா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? வர்ற ஞாயிறு நீங்க லீவு எடுத்துக்கங்க. நான் டூட்டி பாத்துக்கறேன். தௌசீபும் சரின்னுட்டான். எப்படியும் தோக்கத்தான் போறோம். நாங்க ஆடினா நாலு, ஆடலன்னா ஆறு. இன்னும் நாலு மேட்ச்தான் இருக்குது, அப்புறம் குல்ஷனே கிடையாது. நீங்களாவது போய்ப் பாருங்க. உங்களுக்குத்தான் ஆச."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. பிரியத்தோடுதான் சொன்னான். அதுதான் சமீருல்லாவுக்குத் தாங்கவில்லை. பத்து நாள் ரஃபி அகமது பின்னால் அலைந்து வாங்கிய லீவை, அவருடைய கோல்கீப்பரே இப்போது தட்டில் வைத்து நீட்டுகிறான். வாங்கிக்கொள்ளலாம். கோட்டோரம் நின்று இன்னும் நாலு ஞாயிறு தொண்டை கிழியக் கத்தலாம். அதற்கு அப்புறம் சாகும்வரை வெள்ளியும் ஞாயிறும் ஒன்றுதான்.

கண்ணில் தண்ணீர் வந்தது. கெமிக்கல் என்று காஷிஃப் நினைத்துக்கொள்ளட்டும் என்று அவர் துடைக்கவில்லை.

"நீ போடா," என்றார். "தோத்தாலும் நீ போய்த் தோத்துட்டு வா. தையக்காரன் தோத்தா அது குல்ஷன் தோத்த மாதிரியா? நீ நில்லு. நாலு வாங்குனாலும் நீ நின்னு வாங்கு."

"நீங்க பாக்க வேணாமா சாச்சா?"

"எனக்கு இங்க வேல இருக்குது."

டிரம்மில் இன்னும் பாதித் தோல் இருந்தது. சமீருல்லா குனிந்து அடுத்த முனையைப் பிடித்துக்கொண்டு, "இழு," என்றார்.